ஹவில்தாரின் மடி

ஆகஸ்ட் 11, திங்கள். சித்தூர்

காலையிலிருந்து மேகம். மழை இல்லை. மழை வருமென்று துணி துவைக்காமல் விட்டது வீண். உளுந்து ஊறப்போட்டாயிற்று. நூலகத்துக்கு அரை நாள் விடுப்பு. பழைய பத்திரிகைக் கட்டுகளை எலி படித்துக்கொண்டிருக்கும்.

எட்டரைக்கு போன். ஹ. எடுத்தார். இந்த நோட்டில் முப்பது வருடமாக என் கணவர் ஹ. தான். முழுதாக எழுதினால் ஹவில்தார் முனிரத்தினம், சேனா மெடல், ஓய்வு. அவ்வளவு எழுதி மாளாது. அவர் பேசாததை எழுதவே இடம் போதவில்லை.

திருப்பதிக்கு இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு வருகிற போன் எல்லாம் ஒரே போன். அதனால் ஹ. வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை.

“ரூமா? எத்தினி பேரு?”

ஸ்பீக்கரில்தான் பேசுவார். இடது காது கார்கில் சண்டையோடு போனது. எங்கள் வீட்டில் ரகசிய போன் என்று ஒன்று கிடையாது.

“பெரிப்பா, சங்கீதா பேசறேன். ரூமு வேணாம். ஒண்ணு கேக்கணும்.”

சங்கீதா, ஏகாம்பரத்தின் மகள். குடியாத்தம் பக்கம். ஏகாம்பரம் கார்கிலில் இறந்தவர், ஹ.வின் ஜோடிக்காரர். பட்டாளத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்களாம். ஒரே பள்ளம், ஒரே கம்பளி, ஒருவர் தூங்கினால் மற்றவர் விழிப்பு. கல்யாணத்தைவிடக் கெட்டியான ஏற்பாடு.

“பாப்பாவுக்கு ஒரு வயசு ஆவுது பெரிப்பா. ஆடி முடிஞ்சி வர்ற மொத திங்கக்கெழம, மலைல மொட்ட. மாமன் மடில ஒக்கார வெக்கணும். எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரு கீறாங்க? அம்மாவும் போய்ட்டாங்க. மாமன் இல்லன்னா அம்மா வூட்டுத் தாத்தா மடின்னு எங்க மாமியா சொல்லிட்டாங்க. நீங்கதான் ஒக்காரணும்.”

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ தட்டை உருட்டுகிற சத்தம்.

“பாக்கலாம்மா.”

போனை வைத்துவிட்டார். ஹ.வின் அகராதியில் ‘பாக்கலாம்’ என்றால் முடியாது. புது ஃபிரிட்ஜை ஆறு வருடம் பார்த்தோம்.

“இன்னாங்க, அந்தப் பொண்ணு எவ்ளோ ஆசயா கேக்குது.”

“ரூமு வேணுமான்னு கேளு. போட்டுக் குடுக்கலாம்.”

“ரூமு வேணாம்னுதான் மொதல்லயே சொல்லிட்ச்சே.”

“எல்லாருக்கும் ரூமு வேணும்.”

மாடிக்குப் போய்விட்டார். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறாராம். தொட்டி நேற்றுதான் கழுவியது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தூறல். மாவு பொங்கி வழிந்தது. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

நூலகத்தில் வேலை இல்லாத நேரம் ஒரு பட்டியல். ஹ.வின் மடியில் இதுவரை இடம் கிடைக்காதவை:

எங்கள் மகள். (சண்டைக்கு முன் கிடைத்தது. இரண்டு வயதில் அப்பா ஊர் திரும்பியதும் ஓடிப்போய் ஏறப் பார்த்தாள். எழுந்து நின்றுவிட்டார். தோளில் தூக்குவார், முதுகில் சுமப்பார், சைக்கிள் பாரில் வைத்துச் சித்தூர் முழுக்கக் காட்டுவார். மடி இல்லை. காது குத்தினபோது என் அண்ணன் மடி இருந்தது, பிழைத்தோம்.)

சங்கீதா, கைக்குழந்தையாக. (சண்டை முடிந்து முதல் முறை ஏகாம்பரம் வீட்டுக்குப் போனபோது ஏகாம்பரத்தின் மனைவி அழுதுகொண்டே குழந்தையை மடியில் வைக்க வந்தாள். இவர் விறைப்பாக நின்றார், அணிவகுப்பு மாதிரி. மெடல் வாங்கப் போகிறவருக்குத் தலைக்கனம் என்று அங்கே யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.)

பக்கத்து வீட்டுப் பூனை. முயற்சியைக் கைவிடாத பிராணி.

சாப்பாட்டுத் தட்டு. செய்தித்தாள். மகள் வாங்கித் தந்த மடிக்கணினி, பெயரையும் மீறி.

முட்டி வலி என்று ஒரு காலம் நினைத்தேன். இஸ்திரி கலையும் என்பது இன்னொரு காலத்து முடிவு. ஓய்வு பெற்று வந்த பிறகும் பைஜாமாவுக்கு இஸ்திரி போடுகிறவர். இரண்டும் இல்லையென்று இப்போது தோன்றுகிறது. ஏகாம்பரம் வீட்டுக்கு ஒவ்வொரு மே மாதமும் ஒரு பெட்டி பங்கனப்பள்ளியைத் தூக்கிக்கொண்டு, மூன்று பஸ் மாறிப் போகிறவர்தான். போவார், மோர் குடிப்பார், வந்துவிடுவார்.

சங்கீதாவிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். ஹ. பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்க்கப் போனார்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். விஜயபுரத்துப் பக்கம் ஹ.வின் சொந்த ஊரிலிருந்து பங்காளித் தம்பி கோபாலு வாட்ஸப்பில் படம் அனுப்பியிருக்கிறான். பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்கு ஹ. சிறப்பு விருந்தினர், வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ்.

ஃப்ளெக்ஸில் உள்ளவை: ஒரு போர் விமானம். ஒரு டாங்கி. ஒரு சிங்கம். கர்ஜிக்கிறது. மேலே தொகுதி எம்.எல்.ஏ., ஊருக்குத் தலைவர், கும்பிட்ட கையோடு, சிங்கத்தைவிடப் பெரிதாக. மூலையில் கோபாலு, கூலிங் கிளாஸ். நடுவில் ஹ. இவர் எந்தப் படையில் இருந்தார் என்று எதிரிக்கே குழப்பம் வரும். நடந்தே மலையேறின காலாட்படைக்காரர் என்பதை ஊகிக்க ஒரு ஷூ கூட இல்லை.

ஹ.வுக்கு மீசை வைத்திருக்கிறார்கள். ஆயுளில் மீசை வைக்காத மனிதர். மெடல் வாங்கியும் மீசை இல்லை என்றால் ஊருக்கு அவமானம் போல. அதை ஹ. பொறுத்துக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கித் தோளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“ஏய், இன்னாடி இது! ஜெனரல் பேட்ஜு!”

கோபாலுவுக்கு போன்.

“டேய், அத்த எட்றா. அது ஜெனரலுது. நான் ஹவில்தாருடா. கைல மூணு கோடு, அவ்ளோதான்.”

“மூணு கோடு போட்டா ஸ்கூல் பேக்கு மாதிரி கீதுண்ணா. இது கிராண்டா கீது.”

“போடக் கூடாதுடா. தப்பு.”

“யாருண்ணா வந்து பாக்கப் போறாங்க?”

யாராவது பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் வாழ்கிறவர் ஹ. விடியலிலும் அந்தியிலும் இன்றுவரை ஷூ மாட்டிக்கொண்டு மாடியில் நிற்கிறார். ஸ்டாண்ட்-டு என்று பெயர். வெளிச்சம் மாறுகிற நேரத்தில்தான் எதிரி வருவானாம். இத்தனை வருடத்தில் வந்தது பால்காரர் மட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன். ஊர்

நாளைக்கு வருவதாக இருந்தது. ஒரு நாள் முன்பே இழுத்து வந்துவிட்டார். பையில் துண்டு, பச்சை இன்சுலேஷன் டேப், வெள்ளை இன்சுலேஷன் டேப்.

பள்ளிக்கூட வாசலில் ஸ்டூல் போட்டு ஏறினார். பச்சை டேப்பால் தோளிலிருந்த நட்சத்திரத்தையும் வாளையும் மறைத்தார். வெள்ளை டேப்பை வெட்டிக் கையில் மூன்று கோடு ஒட்டினார். நான் ஸ்டூலைப் பிடித்திருந்தேன். உலகத்தில் ஜெனரலாக இருந்தவர்கள் பலர் பதவியிறக்கப்பட்டிருக்கிறார்கள். தானே ஸ்டூல் ஏறி அதைச் செய்துகொண்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். இறங்கி, நாலடி தள்ளி நின்று பார்த்தார். திருப்தி. மீசையைப் பற்றி ஒன்றும் செய்ய முடியவில்லை.

நிலக்கடலைக் கொல்லைக்குப் போகிற பெண்கள் இருவர் நின்று பார்த்தார்கள்.

“யாரது, ஃப்ளெக்ஸு கட்றவரா?”

“படத்துல கீறவருதான்.”

“சே, அவருக்கு மீச கீதே.”

சாயந்திரம் சங்கீதா என் போனுக்குக் கூப்பிட்டாள். “பெரிமா, பெரிப்பாவுக்குக் கோவமா? நான் எதனா தப்பா கேட்டுட்டனா? அவரு இல்லன்னா எங்க மாமியாவோட அண்ணன் கீறாரு, அவரு மடில வெக்கலாம்ன்றாங்க. அப்போ என் பக்கத்து ஆளுன்னு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க பெரிமா. போட்டோல கூட.”

“கோவம்லாம் இல்லம்மா. நாங்க வர்றம்” என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று ஹ. கேட்கவில்லை. ஷூ மாட்டிக்கொண்டு கோபாலு வீட்டு மாடிக்குப் போய்விட்டார். அங்கேயும் ஸ்டாண்ட்-டு. அங்கே பால்காரர் கூட இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி. ஊர்

விடிகாலை சாரல், கொடியேற்றும்போது வெயில். கொடிக்கயிறு சிக்கிக்கொண்டது; ஹ. அவிழ்த்துவிட்டார்.

தலைவர் பேச்சு தெலுங்கில். ஹவில்தார் காரு ‘ஒண்டரிகா’, தன்னந்தனியாக, முப்பது பேரை முடித்தாராம். போன வருடம் இருபது. அதற்கு முன் பன்னிரண்டு. சண்டை முடிந்து இத்தனை வருடம் ஆகியும் எதிரி தரப்பில் சேதம் ஏறிக்கொண்டே போகிறது.

மெடல் பத்திரத்தில் இருப்பது ஒன்பது வரி ஆங்கிலம். எனக்கு மனப்பாடம். இரவில் தன் ஆட்களோடு மலையேறினார், மேலே கல் அடுக்கிய பதுங்கு குழியிலிருந்து மெஷின் கன், தோளில் காயத்தோடு ஊர்ந்துபோய் கையெறி குண்டு வீசினார், குழியைப் பிடித்தார், மறுநாள் மாலை உதவி வரும்வரை அந்த இடத்தை விட்டு விலகவில்லை. எண்ணிக்கை எதுவும் இல்லை.

பிறகு ஹ. பேச்சு. ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சு.

“பசங்களா, எல்லாரும் ஷூ லேசு நல்லா கட்டுங்க. ஈர சாக்ஸு போட்டுக்காதீங்க. வணக்கம்.”

கைதட்டல். போர் பற்றி இவர் பொதுமக்களுக்கு இதுவரை தெரிவித்திருப்பது இவ்வளவுதான். பிள்ளைகள் எல்லோர் காலிலும் செருப்பு.

தலைவருக்குப் போதவில்லை. மைக்கைத் திரும்ப வாங்கி, எங்கள் கார்கில் சிங்கத்துக்கு என்ன வேண்டுமோ கேட்கலாம், ‘ஏம் காவாலோ அடகண்டி’ என்றார். கூட்டம் நிமிர்ந்தது. கோபாலு கண்ணாலேயே ரோட்டோரத்து நிலத்தைக் காட்டினான். வழக்கமாக ஹ. இந்த இடத்தில் கும்பிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இன்று உட்காரவில்லை.

“சார், திருமலலோ ஒக ரூமு காவாலி. ஒக்க ரோஜு.”

தலைவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. தன் அதிகாரத்தின் அளவைக் காட்ட வந்தவரிடம் ஒரு நாள் ரூம் கேட்டால் யாருக்கும் அப்படித்தான். உதவியாளர் அங்கேயே சிபாரிசுக் கடிதம் எழுதினார்.

கோபாலு பஸ் ஏற்றிவிடும்வரை புலம்பினான்.

“இன்னாண்ணா நீ! பெட்ரோல் பங்க்கு கேப்பன்னு பாத்தா ரூமு கேட்டுக்கினு! ரூமு நான் போட்டுத் தர மாட்டனா?”

“நான்தான் போடணும்டா.”

எனக்கும் புரியவில்லை. சிபாரிசுக் கடிதம் என்றாலே முகம் சுளிக்கிறவர். யாருக்காக என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிதத்தை மட்டும் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஆகஸ்ட் 16, சனி. சித்தூர்

கோகுலாஷ்டமி. பக்கத்து வீட்டு வாசல் முதல் உள்வரை மாவால் சின்னச் சின்னப் பாதம். பால் வாங்கப் போன ஹ. ஒன்றையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனதைப் பார்த்தேன்.

அதற்கு முன்பு நடந்ததை எழுத வேண்டும்.

ஸ்டாண்ட்-டு நேரத்தில் நான் மாடிக்குப் போவதில்லை. இன்று காபி எடுத்துக்கொண்டு போனேன். கிழக்கே பார்த்து நின்றிருந்தார். திட்டவில்லை.

“ரூமு யாருக்குங்க?”

“சங்கீதாவுக்கு.”

“அவ வேணாம்னாளே.”

“அவளுக்குத் தெரியாது. அவ நைனா கேட்டான்.”

பிறகு சொன்னார். இடையில் நான் கேட்டதைத் தவிர, அவர் சொன்ன வார்த்தைகளையே வைக்கிறேன்.

“அந்தக் கல்லுக் குழிய புடிச்சிட்டம். மேல வந்து சேந்தது நானும் அவனும்தான். எனக்குத் தோள்ல. அவனுக்கு வயித்துல. காலு சில்லுன்னு கீதுடான்னான். சாக்ஸு முழுக்க ஈரம். நான் ஒரு ஜோடி சட்டைக்குள்ள காய வெச்சிருந்தேன், அத்த மாட்டிவிட்டேன். தலய கல்லு மேல வெக்க மனசு வரல. மடில வெச்சிக்கினேன்.

“பொண்ணு பொறந்து மூணு மாசம் அப்போ. இன்னும் பாக்கல அவன். மொட்ட திருப்பதிலதான்டான்னான். நீ சித்தூர்க்காரன், ரூமு போட்டுக் குடுப்பியான்னான். அந்த நெலமைலயும் பாரு, ரூமு.”

“இன்னா சொன்னீங்க?”

“போட்றேன்னேன். எத்தினி பேருன்னு கேட்டேன். எண்ணிக்கினு இருந்தான். அம்மா, அக்கா, அக்கா பசங்க, மச்சான்... நான் எங்க வரிச கம்மி, எங்க சோறு துன்றது, எந்தப் பக்கம் ரூமு எட்த்தா கோயிலு கிட்ட, அல்லாம் சொல்லிக்கினே இருந்தேன். தூங்கிட்டான்னு நெனச்சேன். மடில தூங்கனா வெயிட்டு மாறும் வசந்தா. கொழந்த தூங்கனா மாறுதில்ல, அந்த மாதிரி. நல்லா தூங்கட்டும்னு ஆடாம ஒக்காந்துக்கினு இருந்தேன். சொல்றத நிறுத்தல. விடிஞ்சாட்டிதான் பாத்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. பகல்ல தல தூக்க முடியாது, எதுத்தாப்ல மலேலர்ந்து சுட்டுக்கினே இருந்தான். சாயந்திரம்தான் ஆளு வந்தாங்க.”

காபி ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தார்.

“ரூமு நான் போட்டாச்சு. மடிக்கு வேற யாரயாவது பாக்கச் சொல்லு. என்னால ஆவாது.”

மெடல் பத்திரத்தின் கடைசி வரியை நினைத்துக்கொண்டிருந்தேன். இடத்தை விட்டு விலகவில்லை. இத்தனை வருடமும் அதை அவர் நின்றபடி என்று படித்திருக்கிறேன்.

பூனைக்குப் பால் வைத்தேன். மறந்து இரண்டு முறை வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. திருமலை

ஆவணி ஒன்று. பஸ்ஸில் இடம் கிடைத்தது. புத்தலப்பட்டில் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறப் பார்த்தார், கண்டக்டரோடு வாதம், தோல்வி. சந்திரகிரியில் கொய்யா. திருப்பதியில் இறங்கி மலை பஸ். வளைவுக்கு வளைவு ஹ. ஓரத்துப் பாறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆள் பதுங்க வசதியான இடங்களாக இருக்கும்.

மூன்று நாள் விடுமுறைக் கூட்டம். கடிதம் இருந்தும் வரிசை. “நீ ஒக்காரு” என்று என்னை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுத் தானே நின்றார். மதியம் தாண்டி வந்தார். சாவியைக் காட்டினார். ஜனாதிபதி மாளிகையில் மெடல் வாங்கியவர்களின் படம் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் கூட இவ்வளவு இல்லை. இவர் வாங்கிய அன்று இவர் முகத்திலும் இல்லை.

இரண்டு கட்டில், ஒரு குழாய், ஒரு வாளி. ஏகாம்பரம் எண்ணிய ஆட்களுக்குப் போதாது. வந்திருப்பவர்களுக்குத் தாராளம்: சங்கீதா, அவள் கணவர், மாமியார், மடி தருவதற்கென்று வரவழைக்கப்பட்ட மாமியாரின் அண்ணன், பாப்பா. பெயர் யாழினி. இரண்டு பல். வந்ததும் ஹ.வின் கண்ணாடியைப் பிடுங்கினாள். ஹ. அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். தோள்வரை ஆட்சேபம் இல்லை.

மாமியாருக்கு ஹ. மீது மரியாதை, ஆனால் விடுவதாக இல்லை. “சம்மந்தி, மாட்டேன்னு சொல்றீங்களாமே. பரவால்ல. எங்க அண்ணன் மடி சும்மாதான் கீது.” அண்ணன் சிரித்தார். நல்ல மனிதர். மடி சும்மா இல்லை. வயிறு முன்னமே இடம் பிடித்து வைத்திருக்கிறது.

மற்றவர்கள் சாப்பிடப் போனபோது சங்கீதா போகவில்லை. நான் குழாயடியில் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

“பெரிப்பா, கோச்சிக்காதீங்க. எங்கப்பா கடைசியா எதனா சொன்னாரா? அம்மாவ கேட்டா, ஒடனே போய்ட்டாரு, ஒண்ணும் சொல்லலன்னுவாங்க.”

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

“ரூமு கேட்டான்” என்றார் ஹ.

“இன்னா?”

“உனக்கு மொட்ட போட. திருப்பதில ரூமு போட்டுக் குடுடான்னான். ஆளுங்கள எண்ணிக்கினு இருந்தான்.”

சங்கீதா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அதான் வேணாம்னு சொல்லியும் போட்டீங்களா?” என்றாள்.

“கொஞ்சம் லேட்டாயிட்ச்சு.”

“எங்கப்பா எப்டி இருப்பாரு பெரிப்பா? நல்லா எண்ணுவாரா?”

“எங்க. எப்பவும் ஒரு ஆளு விட்டுடுவான். அன்னிக்கு அவனயே விட்டுட்டான்.”

இவரோடு முப்பது வருடம் இருக்கிறேன். ஏகாம்பரத்தைப் பற்றி ஹ. தானாக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். பிறகு நிறுத்தவே இல்லை. ஏகாம்பரம் ஊறுகாய் பாட்டிலை ஆபீசர் டென்ட்டிலிருந்து எடுத்தது, பனியில் வழுக்கி விழுந்து எழுந்து பனிக்கே சல்யூட் அடித்தது, குறட்டை. பால் புட்டியை மூன்று முறை கழுவினேன்.

மடியைப் பற்றி சங்கீதா திரும்பக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள். திருமலை

குளிர். மேகம் கைக்கு எட்டுகிற உயரத்தில். ஹ. இஸ்திரி போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை. வெறுங்கால். ஷூ இல்லாமல் விடியலைச் சந்தித்ததாக எனக்கு நினைவில்லை.

மொட்டை போடும் மண்டபத்தில் எங்கும் தண்ணீர், முடி, அழுகை. எங்கள் முறை வந்தது. நாவிதர் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், பட்டாளத்தில் இருந்திருந்தால் சுபேதாராகி இருப்பார். மாமியாரின் அண்ணன் போனை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒவ்வொரு பையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“எவரு கூர்ச்சுனேதி? தொந்தரகா!”

யார் உட்காருவது, சீக்கிரம். அண்ணன் இன்னும் பையில். அந்த அம்மாள் கத்தியை ஹ.வை நோக்கி நீட்டினார்.

“மீரு! கூர்ச்சோண்டி!”

ஹ. உட்கார்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடப் பட்டாளப் பழக்கம். கட்டளை வந்தால் உடம்பு முதலில் கேட்கும், மனசு பின்னால் வந்து சேரும். சம்மணம் போட்டு, முதுகு நேராக. மனசு வந்து சேர்வதற்குள் சங்கீதா பாப்பாவை அந்த மடியில் வைத்துவிட்டாள். அவ்வளவு வேகமாக ஒரு பெண் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

ஹ. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“தாத்தா காரு, தல கட்டிகா பட்டுகோண்டி.”

இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பாப்பா கத்தியதில் பக்கத்து வரிசைக் குழந்தைகள் கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்கள். “ஆச்சு, ஆச்சு, தோ ஆயிட்ச்சு” என்று ஹ. சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் எனக்குப் புதிது. எதிரே இருந்தவர்களுக்கு, ஒரு தாத்தா. சங்கீதாவின் கணவர் போட்டோ எடுத்தார்.

சந்தனம் பூசியாயிற்று. வெளியே கல் மேடையில் உட்கார்ந்தோம். பாப்பாவை சங்கீதா வாங்கப் போனாள்; அது ஹ.வின் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மடியிலேயே இருந்தது. தேம்பல் குறைந்தது. கண் சொருகியது. பட்டன் கையிலிருந்து நழுவியது.

“வசந்தா.”

“இன்னாங்க?”

“வெயிட்டு மாறுது.”

முகம் வெளிறிவிட்டது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய. “தூங்குதுங்க” என்றேன்.

விரலை அதன் மூக்குக்குக் கீழே வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

சங்கீதா குனிந்தாள். “குடுங்க பெரிப்பா, காலு மரத்துப் போவும்.”

“இரு.”

அவளுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். மேடைக்குக் கீழே, அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். லட்டு பற்றி யாரோ யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். மேகம் இறங்கி வந்து எங்கள் மேல் போயிற்று. ஹ.வின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். பாப்பாவிடம்தான் பேசிக்கொண்டிருந்தார், மெல்ல: எங்கே வரிசை கம்மி, எங்கே சோறு, எந்தப் பக்கம் ரூம் எடுத்தால் கோயில் கிட்டே.

திடீரென்று நிறுத்தினார். கீழே பார்த்தார்.

“ஏய்” என்றார். “ஏய், ஏய், ஏய்!”

வேட்டியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. மாமியார் பதறி எழுந்தார். “ஐயய்ய, சம்மந்தி, வேட்டி! எட்றி கொழந்தய!”

“இருக்கட்டும் இருக்கட்டும்” என்றார் ஹ. “சூடா கீது.”

சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக. பாப்பா விழித்து, யார் இவர் என்று பார்த்து, கண்ணாடியைப் பிடுங்கினாள்.

மாற்று வேட்டி பையில் இருந்தது. மாற்றவில்லை. ஈரம் ஆகாது என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் போதித்தவர், அதே வேட்டியோடு பகல் முழுக்க மலையில் சுற்றினார். மதியச் சோற்றின்போதும் பாப்பா அங்கேதான். மாமியாரின் அண்ணனுக்கு வருத்தமில்லை. இரண்டு தரம் பொங்கல் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய். சித்தூர்

மழை, கடைசியில். துணி துவைக்க வழியில்லை, வேட்டி வாளியிலேயே. பூனைக்குப் பால்.

கோபாலு போன். ஃப்ளெக்ஸைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் போட்டாயிற்றாம். ஒரு சொட்டு ஒழுகவில்லையாம். வெள்ளை டேப் மட்டும் உரிந்துவிட்டது, ஆனால் பச்சை நிற்கிறது. ஆக ஹ. இப்போது வெறும் சிப்பாய். அவருக்கு ஆட்சேபம் இல்லை.

சங்கீதா போட்டோ அனுப்பியிருக்கிறாள். ஹ. முகம் அதில் பாதி. மீதி பாப்பாவின் வாய். “நல்லா வந்துக்கீது” என்றார். வேறு போட்டோக்களைப் பற்றி அவர் இப்படிச் சொன்னதில்லை.

எட்டரைக்கு அடுத்த போன். சேலத்திலிருந்து ஒரு பழைய பட்டாளத்துக்காரர், குடும்பத்தோடு வருகிறாராம்.

“ரூமா?” என்றார் ஹ. “எத்தினி பேரு?” எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டார். போனை வைக்கப் போனவர், திரும்ப வாய்க்கருகே கொண்டுவந்தார்.

“கைக்கொழந்த எதனா கீதா?”